தண்ணீரில் கரைத்த தாய்க்கோழி

1

2018 மழைக்காலத்தில் அம்மிச்சிக்குச் சிறுநீர்த் தொற்று வந்து கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அப்போது அவளுக்கு எழுபத்தெட்டு வயது. மூன்று நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. நான்காம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை என்று ஒரு பாக்டீரியாவின் பெயர். அதற்குக் கீழே வரிசையாக மருந்துகள். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ‘ஆர்’ என்றால் அடங்காது. மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு போனால் ஆர், ஆர், ஆர் என்றே போனது. கடைசியில் இரண்டு மூன்று எஸ்.

மாமா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பல்லடத்துக்குப் பக்கத்தில் ஐயாயிரம் கோழி பிடிக்கிற பிராய்லர் செட்டு வைத்திருப்பவர். பத்தாவதுவரை படித்தவர். ஆங்கிலத்தில் எழுதியிருந்த மருந்துப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“மாப்ள, கோலிஸ்டின்னு போட்டிருக்குது பாரு. இது நம்ம செட்டுல இருக்குதே. கோழிக்கு வவுத்தால போனா ஊத்தற பொடி.”

“டாக்டரும் அதத்தான் சொன்னாருங்க மாமா. இப்பப் போடற ஊசி கேக்கலன்னா கடைசியா அதுதானாம்.”

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்ப நம்ம கோழிக்கு ஊத்துனதுதான் அம்மாவுக்கு மருந்து கேக்காமப் போயிருச்சா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பொறியியல் படித்து மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். உயிரியல் பத்தாம் வகுப்போடு முடிந்துபோன சமாச்சாரம். ஆனால் ஒரு வேலை தெரியும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மென்பொருளில் ஒரு பிழை முளைத்தால், எந்தத் தேதியில் யார் செய்த மாற்றத்தோடு அது உள்ளே வந்தது என்று பின்னால் போய்த் தேடுவது. பெரும்பாலும் அந்த மாற்றத்தைச் செய்தவர் நல்லதுக்குத்தான் செய்திருப்பார். அன்றைக்கு இருந்த ஒரு சிக்கலை அது தீர்த்தும் இருக்கும். மாமாவின் கேள்வியை அப்படித்தான் தேடிக்கொண்டு போனேன். தேடல் மருந்தில் தொடங்கி, நான் நினைக்காத இடத்தில், ஓர் அடைக்கோழியிடம் போய் நின்றது.

2

சின்ன வயதில் லீவுக்கு ஊருக்குப் போனால் அம்மிச்சி அடை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கூடையில் மணல் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டையை அடுக்கி, ஓரமாக ஒரு கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு, கோழியைத் தூக்கி வைப்பாள். இருபத்தோரு நாள். குஞ்சு பொரிந்து வந்த மறுநாளே தாய்க்கோழி அவற்றைக் குப்பைமேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடும். அது கிளறும், கொக்கொக்கென்று கூப்பிடும், குஞ்சுகள் ஓடி வந்து கொத்தும். புழு, நொய், மண், தாயின் எச்சம், எல்லாவற்றையும்தான் கொத்தும். சீ என்று நான் விரட்டினால் அம்மிச்சி திட்டுவாள்.

அந்த ‘சீ’யில்தான் விஷயம் இருக்கிறது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் குடலில் ஏறக்குறைய எதுவும் குடியிருப்பதில்லை. ஓட்டை உடைத்து வெளியே வந்தபின், கொத்துகிற ஒவ்வொன்றோடும் பாக்டீரியாக்கள் உள்ளே போகின்றன. தாய்க்கோழியின் குடலில் ஏற்கெனவே குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான வகைகள் அதன் எச்சத்தின் வழியாகக் குஞ்சுக்கு வந்துசேர்கின்றன. செரிமானத்துக்கு உதவுவது, கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைப்பது என்று அவற்றுக்குப் பல வேலை. கோழி தன் குஞ்சுக்குக் கொடுக்கும் முதல் சீதனம் இதுதான். சூடு கொடுப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. இது தெரிவதில்லை.

தெரிந்ததை மட்டும் மனிதன் நகல் எடுத்தான். எகிப்தியர்கள் பழங்காலத்திலேயே பெரிய மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை வைத்துக் குஞ்சு பொரித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸின் ரியோமூர் (வெப்பமானியில் தன் பெயரில் ஓர் அளவையே வைத்தவர்) செயற்கையாகக் குஞ்சு பொரிப்பது பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 1879இல் கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் என்பவர் வணிகரீதியாக விற்கத்தக்க இன்குபேட்டரைச் செய்தார். பொரிந்த குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு, தீனி தண்ணீர் இல்லாமலே இரண்டு மூன்று நாள் அதைத் தாங்கும். அந்த ஒரு வசதியை நம்பி 1918 முதல் அமெரிக்கத் தபால் துறை ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் பார்சலாக எடுத்துச் சென்றது.

1923இல் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக ஐம்பது குஞ்சுகள் கேட்டு எழுதினார். ஐந்நூறு வந்தன. திருப்பி அனுப்பாமல் ஒரு கொட்டகை போட்டு வளர்த்துக் கறிக்கு விற்றார். நல்ல லாபம். சில ஆண்டுகளில் அவர் பண்ணையில் பல்லாயிரம் கோழிகள். கறிக்கென்றே கோழி வளர்க்கும் தொழிலின் தொடக்கமாக இன்றுவரை அந்தச் சம்பவத்தைத்தான் சொல்கிறார்கள். பிறகு ஜார்ஜியாவில் ஜெஸ்ஸி ஜூவல் என்ற தீவன வியாபாரி, கையில் காசில்லாத விவசாயிகளுக்குக் குஞ்சையும் தீவனத்தையும் கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழியைத் தானே எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். கம்பெனி குஞ்சு, கம்பெனி தீவனம், கம்பெனி மருந்து. விவசாயியின் இடம், கரண்ட், தண்ணீர், உழைப்பு. 1990களில் உடுமலை, பல்லடம் பக்கம் பரவி, மாமாவைக் கிணற்றுப் பாசனத்திலிருந்து கோழிக்குத் திருப்பிய ஒப்பந்தப் பண்ணை முறையின் மூதாதை அதுதான்.

இந்தக் கதையில் எங்கேயும் தாய்க்கோழி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பொரிப்பகத்தில் முட்டையைக் கழுவி, புகைபோட்டு, சுத்தமான தட்டில் பொரித்து, சுத்தமான பெட்டியில் அனுப்புகிறார்கள். குஞ்சு தன் வாழ்நாளில் ஒரு வளர்ந்த கோழியைக்கூடப் பார்ப்பதில்லை. அதன் குடல் காலி மனையாக வந்து இறங்குகிறது. முதலில் யார் வந்து குடிசை போடுகிறார்களோ அவர்களுக்கே இடம். 1952இல் மில்னர், ஷாஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒருநாள் குஞ்சுக்குத் தொற்று உண்டாக்க மிகச் சொற்பமான சால்மொனெல்லா போதும். குஞ்சு வளர வளர அதே கிருமியை அது தாங்கிக்கொள்கிறது. இடைப்பட்ட நாட்களில் குடலில் ஏதோ நடக்கிறது என்பது தெரிந்தது. அது என்ன என்று பின்தொடர்ந்து போவதற்குள் உலகத்துக்கு வேறொரு சுலபமான விடை கிடைத்துவிட்டது.

3

நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரில் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகம். 1948. தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டட் இருவரும் அங்கே வைட்டமின் தேடிக்கொண்டிருந்தார்கள். கோழிக்குச் சோளம், சோயா என்று தாவரத் தீவனம் மட்டும் கொடுத்தால் சரியாக வளர்வதில்லை. மீன்தூள் போல ஏதாவது சேர்க்க வேண்டியிருந்தது, அது விலை அதிகம். அதில் இருக்கும் மர்மச் சத்து என்ன என்பதுதான் கேள்வி. அது வைட்டமின் பி12 என்று அந்த ஆண்டுதான் தெரியவந்திருந்தது.

அதே நிறுவனம் பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியலாளர் மிசௌரி மண்ணிலிருந்து பிரித்த ஒரு நுண்ணுயிரை வைத்து ஆரியோமைசின் என்ற புது ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்துக்கொண்டிருந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. மருந்தை எடுத்தபின் மிஞ்சும் சக்கையில் பி12 இருக்கும் என்று ஜூக்ஸுக்குத் தோன்றியது. குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார். கிறிஸ்துமஸ் அன்று ஆய்வகத்துக்குப் போய்க் குஞ்சுகளைத் தானே எடை போட்டார். சக்கை தின்ற குஞ்சுகள் மற்ற எல்லாக் குஞ்சுகளையும் விட எடை கூடியிருந்தன. பி12ஐ மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அவ்வளவு எடைக்கு விளக்கம் கிடைக்கவில்லை. சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த ஆன்டிபயாட்டிக்கின் வேலை அது. விஸ்கான்சினில் 1946லேயே ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த குஞ்சுகளில் இதுபோன்ற ஒன்றைப் பார்த்திருந்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1950இல் செய்தி வெளியானதும் பரபரப்பு. 1951இல் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்க அமெரிக்க அரசு அனுமதித்தது. கால்நடை மருத்துவரின் சீட்டு தேவையில்லை. ஒரு டன் தீவனத்துக்குச் சில கிராம் போதும். போருக்குப் பிந்தைய காலம், இறைச்சிக்குத் தட்டுப்பாடு, தீவன விலை ஏறிக்கிடந்தது. ஜூக்ஸின் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பிராய்லர் என்றால் ஊசி போட்டு ஊத வைத்தது என்று ஊரில் பேசுவார்கள். ஹார்மோன் ஊசி என்பது கட்டுக்கதை. ஐயாயிரம் கோழியைப் பிடித்து ஊசி போட யாரால் முடியும்? எடையில் பெரும்பங்கு இனவிருத்தி செய்த வேலை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டுக் கோழி ரகத்தையும் 2005ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் பழைய ரகம் 905 கிராம், புதிய ரகம் 4,202 கிராம். தீவனமும் பராமரிப்பும் ஒன்றே, மாறியது கோழியின் பரம்பரை. ஆன்டிபயாட்டிக் அதன்மேல் ஒரு சில சதவீதம் கூட்டியது. அதைவிட முக்கியமாக, ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரே கூரைக்குக் கீழ் நெருக்கி வைத்தாலும் சமாளித்துவிடலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தது. தாயில்லாக் குஞ்சின் காலி மனைக்கு அது காவல்காரன் ஆனது.

4

குறைந்த அளவு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். இதை யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே இப்படி எச்சரித்திருந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, அவர் செய்யாதே என்றதையே டன் கணக்கான தீவனத்தில் செய்யத் தொடங்கினார்கள்.

அது கோழியோடு நிற்குமா, மனிதனுக்கு வருமா? மாமா கேட்டதும் இதைத்தான். 1970களில் பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி இதற்கென்றே ஒரு பண்ணைக் குடும்பத்தோடு சேர்ந்து சோதனை செய்தார். 300 குஞ்சுகள். பாதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம், பாதிக்குக் கலக்காத தீவனம். மருந்து தின்ற கோழிகளின் குடலில் இருந்த ஈ.கோலை ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய முழுக்க அந்த மருந்தை எதிர்ப்பதாக மாறியது. ஐந்தாறு மாதங்களில் பண்ணைக் குடும்பத்தாரின் மலத்திலும் அப்படிப்பட்ட பாக்டீரியாக்கள். வாரந்தோறும் எடுத்த மாதிரிகளில் 31 சதவீதத்தில் எதிர்ப்புள்ள வகைகளே பெரும்பான்மை. அக்கம்பக்கத்து வீடுகளில் இது 7 சதவீதம்தான். அவர்கள் யாரும் அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில்லை. 1976இல் ஆய்வு வெளியானது. இதற்குப் பணம் கொடுத்தது கால்நடை மருந்து நிறுவனங்களின் சங்கம் என்பது கதையின் வேடிக்கையான பகுதி. ஒன்றும் வராது என்று நிரூபிக்கத்தான் கொடுத்தார்கள்.

1969இல் பிரிட்டனில் ஸ்வான் குழு, மனித வைத்தியத்துக்குத் தேவையான மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக்கூடாது என்று பரிந்துரைத்திருந்தது. 1977இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை பென்சிலினையும் டெட்ராசைக்ளினையும் தீவனத்திலிருந்து எடுக்க முயன்றது. நாடாளுமன்றம் தடுத்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து 2017இல்தான் அங்கே வளர்ச்சிக்காக அவற்றைக் கலப்பது நின்றது. ஸ்வீடனில் மட்டும் வேறு மாதிரி. அங்கே விவசாயிகளே முன்வந்து கேட்டு 1986இல் தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரி 1 முதல் தடை.

தீவனத்திலிருந்து எடுத்தாலும் தண்ணீர் என்று இன்னொரு வழி இருந்தது. நோய் வந்த கோழி முதலில் தீனியை விடும், தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் விடாது. அதனால் வைத்தியம் என்றால் தண்ணீரில்தான். ஆனால் ஐயாயிரத்தில் எந்த இருநூறு கோழிக்கு நோய் என்று பார்த்துத் தனியாகப் பிரிக்க முடியாது. தொட்டியில் ஊற்றினால் எல்லாமும் குடிக்கும். இப்படிக் குடிதண்ணீரில் கொடுத்துவந்த என்ரோஃப்ளாக்சசினை 2005இல் அமெரிக்கா கோழிகளுக்குத் தடை செய்தது. கோழிக்கறி வழியாக மனிதருக்கு வரும் கேம்பைலோபாக்டர் கிருமி, அதே குடும்பத்தைச் சேர்ந்த சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்காமல் போனதுதான் காரணம். அம்மிச்சியின் ரிப்போர்ட்டில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிரே ‘ஆர்’ இருந்தது. மாமாவின் அலமாரியில் என்ரோஃப்ளாக்சசின் பாட்டில் இருந்தது. இரண்டையும் நான் பார்த்தேன்.

5

இப்போது கதையின் இன்னொரு கிளைக்குப் போவோம். இது கொல்வதைப் பற்றியதல்ல, குடியேற்றுவதைப் பற்றியது.

பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த ரஷ்ய விஞ்ஞானி ஈலி மெச்னிகோஃப், வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டுபிடித்ததற்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவர். கடைசிக் காலத்தில் அவருக்கு முதுமையைப் பற்றி ஒரு கவலை பிடித்துக்கொண்டது. பெருங்குடலில் அழுகும் கிருமிகள்தான் மனிதனைக் கிழவனாக்குகின்றன என்றும், பல்கேரிய விவசாயிகள் குடிக்கும் புளித்த பாலில் உள்ள பாக்டீரியா அவற்றை அடக்கும் என்றும் நம்பினார். தினமும் தயிர் குடித்தார். 1916இல் 71 வயதில் இறந்தார். ஐரோப்பா முழுக்கத் தயிர் மாத்திரை வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது.

யேல் பல்கலைக்கழகத்தின் லியோ ரெட்கர் இதைச் சோதித்தார். பல்கேரிய பாக்டீரியா மனிதக் குடலில் தங்குவதில்லை, வந்த வழியே போய்விடுகிறது என்று 1920களில் சொன்னார். தங்க வேண்டுமானால் குடலையே ஊராகக் கொண்ட வகையாக இருக்க வேண்டும் என்றார். இதே ரெட்கர்தான் இருபது ஆண்டுகளுக்கு முன் குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் வெள்ளைக் கழிச்சலுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தவர். குஞ்சைக் கொல்லும் கிருமி, வயிற்றைக் காக்கும் கிருமி, இரண்டும் ஒரே ஆளின் மேசைமேல் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

1971இல் பின்லாந்தில் பிராய்லர் பண்ணைகளில் சால்மொனெல்லா இன்ஃபான்டிஸ் என்ற வகை பரவி, மனிதர்களும் நோயில் விழுந்தார்கள். எஸ்கோ நுர்மி என்ற கால்நடை விஞ்ஞானியும் மார்யட்டா ரன்டாலாவும் எதற்கும் அசையாத ஒரு எளிய சோதனையைச் செய்தார்கள். ஆரோக்கியமான, வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்து நீரில் கரைத்து, ஓரிரு நாள் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு சால்மொனெல்லாவைக் கொடுத்தார்கள். கொடுக்காத குஞ்சுகளில் கிருமி பிடித்துக்கொண்டது. கொடுத்த குஞ்சுகளில் பெரும்பாலானவற்றில் பிடிக்கவில்லை. 1973இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

நம்மூர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, ஏறக்குறைய அதுதான். குடல் சுவரில் ஒட்டும் இடங்களை நல்ல பாக்டீரியாக்கள் முதலில் பிடித்துக்கொள்கின்றன. கிடைக்கும் தீனியைத் தின்றுவிடுகின்றன. அவை வெளிவிடும் அமிலங்கள் பின்னால் வருபவனை நிற்கவிடுவதில்லை. இதில் நிபந்தனை ஒன்றுதான், முதலில் ஏற வேண்டும். சால்மொனெல்லா ஏறி உட்கார்ந்தபின் துண்டு போட்டுப் பயனில்லை.

நுர்மியின் கட்டுரையைப் படித்தபோது எனக்குக் குப்பைமேடுதான் ஞாபகம் வந்தது. அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இன்குபேட்டரை நகலெடுத்தபோது விட்டுப்போன ஒரு வரியைத் திரும்ப எழுதினார்.

1980களின் பிற்பகுதியில் பின்லாந்தில் பிராய்லாக்ட் என்ற பெயரில் இது விற்பனைக்கு வந்தது. அமெரிக்கா மட்டும், உள்ளே என்னென்ன பாக்டீரியா என்று பெயர் சொல்லாத கலவையை ஏற்க மறுத்தது. கடைசியில் 29 வகைகளை அடையாளம் கண்டு சேர்த்த ஒரு கலவைக்கு 1998இல் அனுமதி கொடுத்தது. அதைக் குஞ்சுகள்மேல் தெளிப்பார்கள். குஞ்சுகள் ஒன்றன் இறகை ஒன்று கொத்தி உள்ளே எடுத்துக்கொள்ளும்.

இதற்கிடையே 1974இல் பார்க்கர் என்பவர் தீவனத்தில் சேர்க்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கு ‘புரோபயாட்டிக்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 1989இல் ராய் ஃபுல்லர் கொடுத்த புகழ்பெற்ற வரையறையும் கால்நடைத் தீவனத்தை வைத்துத்தான் எழுதப்பட்டது. சூப்பர் மார்க்கெட் தயிர் டப்பாவில் இன்றைக்கு நாம் படிக்கும் அந்தச் சொல் கோழிக் கொட்டகை வழியாகத்தான் நம் வீட்டுக்கு வந்திருக்கிறது.

6

2010இல் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, என்டிஎம்-1 என்ற மரபணு இந்தியாவில் பரவியிருப்பதைக் காட்டியது. அந்த மரபணு உள்ள கிருமிக்கு மிக வலிமையான ஊசி மருந்துகளும் வேலை செய்யாது. மிஞ்சுகிற சொற்ப மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் எப்போதோ ஒதுக்கி வைத்த பழைய மருந்து. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தார்கள். மனிதர்கள் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் உலகம் முழுக்கப் பன்றிக்கும் கோழிக்கும் அது போய்க்கொண்டிருந்தது. 2015இல் சீனாவில் கோலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைப் பன்றிகளிலும் கோழிக்கறியிலும் நோயாளிகளிடமும் கண்டுபிடித்தார்கள். ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடக்கூடிய மரபணு அது. சீனா வளர்ச்சிக்கான பயன்பாட்டை 2017இல் நிறுத்தியது. இந்தியாவில் 2019 ஜூலையில், உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதே தடைசெய்யப்பட்டது.

தடை வந்த சில மாதத்தில் மாமாவின் செட்டுக்குக் கம்பெனி சூப்பர்வைசர் ஒரு புதுப் பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். புரோபயாட்டிக் பொடி. குஞ்சு இறங்கிய முதல் மூன்று நாள் தண்ணீரில் கலந்துவிட வேண்டும். முதல் பேட்ச்சுக்குப் போட்டார், ஒரு வித்தியாசமும் இல்லை. “மைதா மாவாட்ட இருக்குது மாப்ள, இதுல என்ன இருக்கப் போவுது” என்று போனில் சலித்துக்கொண்டார்.

அடுத்த பேட்ச் இறங்கும்போது நான் லீவு போட்டுப் போயிருந்தேன். தொட்டியைப் பார்த்ததும் சிக்கல் புரிந்தது. போர் தண்ணீரில் கிருமி இருக்கும் என்று மாமா வழக்கம்போல் குளோரின் போட்டிருந்தார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் அதே குளோரின் பொடியில் இருக்கும் லாக்டோபேசில்லஸையும் கொன்றுவிடும். போதாக்குறைக்கு, பயணத்தில் வந்த குஞ்சு வாடும் என்று அதே நாட்களில் ஓர் ஆன்டிபயாட்டிக்கையும் கலக்கச் சொல்லிச் சீட்டில் எழுதியிருந்தது. இடது கையால் நட்டு வலது கையால் பிடுங்குகிற கதை. ஏன் தீவனத்திலேயே கலக்காமல் தண்ணீரில் கொடுக்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. தீவனத்தைக் குருணையாக்கும்போது எண்பது டிகிரி அளவுக்குச் சூடு ஏறும். வித்துறைக்குள் தூங்கும் பேசில்லஸ் வகைகள் அதைத் தாங்கும், லாக்டோபேசில்லஸ் தாங்காது. அதற்குத் தண்ணீர்தான் வழி.

லசோட்டா தடுப்பு மருந்து கொடுக்கும்போது மாமா என்ன செய்வார் என்று யோசித்தோம். முதல்நாளே குளோரினை நிறுத்துவார். தண்ணீரில் பால்பவுடர் கரைப்பார், மிச்ச குளோரினை அது வாங்கிக்கொள்ளும். குஞ்சுகளை ஒரு மணி நேரம் தாகத்தில் வைத்து, பிறகு மருந்துத் தண்ணீரைத் திறப்பார். உயிருள்ள சரக்குக்கு அவருக்கு ஏற்கெனவே ஒரு முறை தெரிந்திருந்தது. அதையே இதற்கும் செய்தோம். நிப்பிள் குழாய்க்குள் வழவழவென்று படிந்திருந்த பாசியை முந்தின நாளே அலசிவிட்டோம். கால்நடை மருத்துவரிடம் பேசி, நோய் இல்லாத பேட்ச்சுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று முடிவானது.

அம்மிச்சி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் ஊசி போட்டு, கோலிஸ்டின் வரை போகாமலே பிழைத்து வந்தவள். என்ன செய்கிறோம் என்று கேட்டாள். கோழி வயிற்றில் இருக்கும் நல்ல பூச்சியைக் குஞ்சுக்குக் கொடுக்கிறோம் என்று சொன்னேன்.

“அதுக்கு எதுக்குச் சாமி பாக்கெட்டு? ரெண்டு அடைக்கோழியப் புடிச்சு உள்ள உட்டா ஆச்சு.”

மாமா சிரித்துவிட்டார். “ஒரு கோழி பத்துக் குஞ்சப் பாக்கும். அஞ்சாயிரத்துக்கு எங்கம்மா போறது? அது வேற சீக்கக் கொண்டாந்து உட்டுட்டா மொத்தமும் போயிருமே.”

இரண்டு பேர் சொன்னதும் சரி. நுர்மியின் கட்டுரையும் அமெரிக்கா கேட்ட 29 பெயர்களும் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவேதான் இருக்கின்றன. தாய் கொடுப்பது வேண்டும், தாயோடு வரக்கூடிய நோய் வேண்டாம். பாக்கெட்டில் இருக்கும் சில வகைகள், தாய்க்கோழியின் குடலில் இருக்கும் நூற்றுக்கணக்கானவற்றுக்கு ஈடாகாது. ஆய்வு முடிவுகளும் எல்லாப் பண்ணையிலும் ஒரே மாதிரி வருவதில்லை. எந்த வகை, எத்தனை உயிரோடு, எந்த நாளில், எந்தத் தண்ணீரில் என்பதைப் பொறுத்து மாறுகின்றன. ஈரமான நார்த்தூள், காற்றோட்டமில்லாத செட்டு, அளவுக்கு மீறிய நெரிசல் ஆகியவற்றை எந்தப் பொடியும் சரிசெய்யாது. ஆன்டிபயாட்டிக் செய்த மிகப்பெரிய தீமை, இவற்றையெல்லாம் கவனிக்காமலே காலம் தள்ளலாம் என்று நம்பவைத்ததுதான்.

மாமாவின் கேள்விக்கு இன்றுவரை என்னால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை. அம்மிச்சி ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் சொல்லி வாங்கி, இரண்டு நாளில் நிறுத்திய மாத்திரைகளும் கணக்கில் உண்டு. ஆஸ்பத்திரிகளிலிருந்து சாக்கடைக்குப் போவதும் உண்டு. ஒரு கிருமியின் எதிர்ப்புச் சக்திக்கு ஊரே சேர்ந்து மொய் எழுதியிருக்கிறது. அதில் நம் செட்டு எழுதிய தொகை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, எழுதவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இதைத்தான் மாமாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

அந்த பேட்ச் நாற்பத்தோராம் நாள் லிஃப்டிங் ஆனது. சாவு முந்தைய பேட்ச்சைவிடக் குறைவு. பொடியாலா, குழாயைக் கழுவியதாலா, வெயில் குறைந்ததாலா என்று ஒரு பேட்ச்சை வைத்துச் சொல்லிவிட முடியாது. வளர்ப்புக் கூலி கொஞ்சம் கூட வந்ததென்று மாமா சொன்னார். அலமாரியில் இன்னும் ஓர் ஆன்டிபயாட்டிக் பாட்டில் இருக்கிறது. “எடுத்துப் போட்டர முடியாது மாப்ள. நெசமாவே சீக்கு வந்தா வேணுமே” என்றார். பாட்டில்மேல் ஒரு தாளை ஒட்டி, டாக்டரைக் கேட்காமல் திறக்கக் கூடாது என்று தன் கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறார். போன முறை போனபோதும் மூடி உடைக்காமல் இருந்தது.